மெல்லிசை மன்னர் எம்.எஸ்.விஸ்வநாதன்: மெட்டு முந்தியதா, சொல் முந்தியதா?

ஆர்மோனியம் எழுதியது:

எம்.எஸ்.விஸ்வநாதனைப் பற்றிப் பேச்செடுத்தால் அது எத்தனை படம், எத்தனை பட்டம் என்ற கணக்கிலேயே முடிந்துவிடுகிறது. அந்தக் கணக்கில் எனக்கு ஆர்வமில்லை. ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் ஒலிப்பதிவான அவருடைய பாடல்களை இன்று கேட்டாலும் ஒரு சொல்கூட நழுவாமல் காதில் விழுகிறதே, அது எப்படி என்பதுதான் என் கேள்வி. அதைத் தொடங்குமுன் அவர் வந்த வழியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் விடையில் ஒரு பாதி அந்த வழியிலேயே இருப்பதாக நினைக்கிறேன்.

1928 ஜூன் 24 அன்று பாலக்காட்டை அடுத்த எலப்புள்ளியில் பிறந்தார். மிகச் சிறு வயதிலேயே தந்தையை இழந்து, கண்ணூரில் தாத்தாவின் ஆதரவில் வளர்ந்தார். அங்கே நீலகண்ட பாகவதரிடம் இசை பயின்று, பதின்மூன்று வயதில் மேடை ஏறினார். பிறகு வேலை தேடித் தமிழ்நாட்டுக்கு வந்து, கோவை சென்ட்ரல் ஸ்டுடியோவில் படமெடுத்துக்கொண்டிருந்த ஜூபிடர் நிறுவனத்தில் எடுபிடி வேலைக்குச் சேர்ந்தார். அங்கே எஸ்.எம்.சுப்பையா நாயுடு இசையமைத்துக்கொண்டிருந்த அறைக்கு வெளியே நின்று கேட்டதே அவருக்கு வாய்த்த இரண்டாவது பள்ளிக்கூடம். 'அபிமன்யு' (1948) படத்தின் 'புது வசந்தமாமே வாழ்விலே' என்ற பாடலின் மெட்டு தம்முடையது என்றும், அது நாயுடுவின் பெயரில் வெளிவந்தது என்றும், பின்னாளில் நாயுடுவே அதை முதலாளிகளிடம் எடுத்துச் சொல்லித் தமக்கு வழி திறந்துவிட்டார் என்றும் விஸ்வநாதன் பலமுறை நன்றியோடு நினைவுகூர்ந்திருக்கிறார்.

அடுத்து வந்தது சி.ஆர்.சுப்பராமனின் குழு. அங்கே ஆர்மோனியத்தில் இவரும் வயலினில் டி.கே.ராமமூர்த்தியும் இருந்தார்கள். 1952இல் சுப்பராமன் இருபத்தெட்டே வயதில் மறைந்தபோது அவர் பாதியில் விட்டுச் சென்ற 'தேவதாஸ்' முதலிய படங்களை இவ்விருவரும் சேர்ந்து முடித்துக் கொடுத்தார்கள். அதே ஆண்டு கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் இயக்கிய 'பணம்' படத்தில் 'விஸ்வநாதன் - ராமமூர்த்தி' என்ற இரட்டைப் பெயர் திரையில் வந்தது. அந்தப் படத்தைத் தயாரித்தவர் கண்ணதாசனின் அண்ணன் ஏ.எல்.சீனிவாசன். கண்ணதாசனும் அதில் பாட்டெழுதினார். பின்னால் நடக்கப் போகிற எல்லாவற்றுக்கும் அந்த ஒரு படத்திலேயே விதை விழுந்துவிட்டது.

என் எண்ணம் இதுதான். சென்ட்ரல் ஸ்டுடியோவின் கதவோரத்தில் நின்றவர், பாடலைக் கேட்பவனுடைய பக்கத்திலிருந்துதான் முதலில் அறிந்திருக்கிறார். கேட்பவனுக்கு முதலில் வேண்டியது சொல். அதனால்தான் அவருடைய மெட்டு சொல்லுக்கு வழிவிட்டு நடக்கிறது. இதை மறுப்பவர்கள் இருந்தால் மறுத்து எழுதுங்கள், நானும் யோசிக்கிறேன்.


குறில்நெடில் எழுதியது:

மறுக்கத்தான் வந்தேன், ஆனால் பாதி உடன்பாட்டோடு தொடங்குகிறேன். நான் தமிழ் கற்பிப்பவன். யாப்பு நடத்தும்போது குறிலுக்கும் நெடிலுக்கும் உள்ள ஒலிக்கால வேறுபாட்டை மாணவர்களுக்குப் புரியவைக்க நான் கையாளுகிற பாடல்களில் பெரும்பாலானவை இவருடையவை. 'நெஞ்சில் ஓர் ஆலயம்' (1962) படத்தின் 'சொன்னது நீதானா' பாடலை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் அடுத்தடுத்து வரும் 'சொல், சொல், சொல்' என்பது குறிலும் ஒற்றும் மட்டுமே கொண்ட ஓரசைச் சொல். அதை இழுத்தால் பொருள் கெட்டுவிடும். பி.சுசீலா அதை இழுக்கவில்லை, இழுக்கும்படி மெட்டும் அமையவில்லை. ஒவ்வொரு 'சொல்'லுக்கும் பிறகு நமக்கு ஒரு மூச்சுத் திணறல் கேட்கிறது. இழுவை வேண்டிய இடத்தை 'நீதானா' என்ற நெடில்களுக்கு ஒதுக்கியிருக்கிறார்கள். உரையாடலில் ஒரு பெண் இதே சொற்களைச் சொன்னால் எங்கே நிறுத்துவாளோ அங்கேதான் பாட்டும் நிற்கிறது.

'சுமைதாங்கி'யில் (1962) பி.பி.ஸ்ரீனிவாஸ் பாடிய 'மயக்கமா கலக்கமா' இன்னொரு சான்று. கேள்விகள் அடுக்கி வருகின்றன. கேள்வியின் உயிர் 'மா' என்ற ஈற்று நெடிலில் இருக்கிறது. மெட்டு அந்த ஈற்றில் சற்றே தங்கி, அதட்டாமல், தோளில் கைபோட்டு விசாரிப்பதுபோல அடுத்த கேள்விக்குப் போகிறது. சினிமாவில் வாய்ப்புக் கிடைக்காமல் சென்னையை விட்டே கிளம்ப இருந்த வாலி இந்தப் பாடலைக் கேட்டு முடிவை மாற்றிக்கொண்டதாக அவரே எழுத்திலும் மேடையிலும் பலமுறை சொல்லியிருக்கிறார். அடுத்த ஆண்டே 'கற்பகம்' (1963) படத்தில் அவரும் இதே இரட்டையரின் மெட்டுகளுக்குப் பாட்டெழுதிப் புகழ்பெற்றார்.

இனி என் மறுப்பு. ஆர்மோனியம் ஐயா சொல்வதுபோல மெட்டு சொல்லுக்கு வழிவிட்டது என்றால் சொல் முதலில் வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் காலத்துப் பாடல்களில் மிகப் பல மெட்டு முதலில் பிறந்து, பிறகு கவிஞர் எழுதியவை. அப்படியானால் குறில் நெடில் பிசகாமல் சொல்லைப் பொருத்திய பெருமை கண்ணதாசனுக்கு அல்லவா போக வேண்டும்? 'பட்டினப் பிரவேசம்' (1977) படத்தின் 'வான் நிலா நிலா அல்ல' பாட்டில் அடிக்கு அடி 'லா' என்று முடியும்படி அவர் எழுதிக் காட்டியிருக்கிறார். அங்கே மெட்டுக்குச் சொல் வழிவிட்டிருக்கிறது என்று சொல்வதே நேர்மை. கண்ணதாசனின் பிறந்தநாளும் ஜூன் 24 என்பது பலருக்குத் தெரிந்த செய்திதான், ஆண்டு மட்டும் 1927. ஒரே நாளில் பிறந்த இருவருக்குள் யார் யாருக்கு வழிவிட்டார்கள் என்று எப்படித் தீர்ப்புச் சொல்வது?


பழைய வயலின் எழுதியது:

இரண்டு பெரியவர்களும் விஸ்வநாதனையும் கண்ணதாசனையும் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்கள். நடுவில் ஒருவர் காணாமல் போய்விட்டார். நான் முப்பது ஆண்டுகள் மெல்லிசைக் குழு ஒன்றில் வயலின் வாசித்தவன் என்பதால் இந்தக் குறையைச் சொல்ல எனக்கு உரிமை இருப்பதாக நினைக்கிறேன்.

டி.கே.ராமமூர்த்தி 1922இல் பிறந்தவர், அதாவது விஸ்வநாதனைவிட ஆறு வயது மூத்தவர். திருச்சிக்காரர், கர்நாடக இசையில் ஊறிய வயலின் கலைஞர். ஆனாலும் பெயர் வரிசையில் அவர் இரண்டாவதாகவே நின்றார், அதை ஏற்றுக்கொண்டார். 1952 முதல் 1965 வரை இருவரும் சேர்ந்து செய்த வேலையைத்தான் தமிழுலகம் 'மெல்லிசை மன்னர்கள்' என்று பன்மையில் கொண்டாடியது. அந்தப் பட்டம் 1963இல் சென்னையில் நடந்த விழாவில் இருவருக்கும் சேர்த்துத்தான் வழங்கப்பட்டது. இந்த இழையின் தலைப்பில் அது ஒருமையாகிவிட்டது. நீங்கள் மேற்கோள் காட்டிய 'சொன்னது நீதானா'வும் 'மயக்கமா கலக்கமா'வும் இரட்டையர் பாடல்கள் என்பதை நினைவூட்டுகிறேன்.

1964ஆம் ஆண்டை மட்டும் எடுத்துக்கொண்டு பாருங்கள். 'கர்ணன்', 'காதலிக்க நேரமில்லை', 'சர்வர் சுந்தரம்', 'ஆண்டவன் கட்டளை', 'புதிய பறவை' எல்லாம் ஒரே ஆண்டில் வந்தவை. 'கர்ண'னில் வடநாட்டுக் கருவிகளின் மணம் வீசுகிறது. சீர்காழி கோவிந்தராஜனின் 'உள்ளத்தில் நல்ல உள்ளம்' சக்கரவாக ராகத்தில் எழுந்து, களத்தில் விழுந்து கிடக்கும் ஒருவனுக்காக ஊரையே அழவைக்கிறது. அடுத்த அறையில் 'காதலிக்க நேரமில்லை'யின் 'விஸ்வநாதன் வேலை வேண்டும்' துள்ளுகிறது. 'புதிய பறவை'யில் 'உன்னை ஒன்று கேட்பேன்' பாட்டின் சாக்ஸபோன், 'பார்த்த ஞாபகம் இல்லையோ'வின் இரவு விடுதிச் சூழல், 'எங்கே நிம்மதி'யில் அலையலையாக மேலெழும் பெரிய வாத்தியக் கூட்டம் ஆகியவற்றை ஒருவரே செய்தார் என்று சொல்லிவிட முடியுமா? 'எங்கே நிம்மதி'யை நாங்கள் மேடையில் வாசிக்கத் துணிந்ததே இல்லை. நான்கு வயலின்களை வைத்துக்கொண்டு அதைத் தொட்டால் மூலப் பாடலைக் கேட்டவர்கள் சிரிப்பார்கள். அந்த வயலின் வரிசைகள் ஒவ்வொன்றும் வில்லைக் கையில் பிடித்துப் பழகிய ஒருவரின் மனத்தில்தான் உதித்திருக்க வேண்டும் என்பது என் துணிபு. இதற்கு ஆவணம் கேட்காதீர்கள், வாசித்துப் பார்த்த விரல்கள் சொல்வதைச் சொல்கிறேன்.

1965இல் 'ஆயிரத்தில் ஒருவன்' படத்தோடு பிரிந்தார்கள். ராமமூர்த்தி தனியே 'சாது மிரண்டால்', 'நான்', 'மூன்றெழுத்து', 'தங்கச் சுரங்கம்' போன்ற படங்களுக்கு இசையமைத்தார். எண்ணிக்கை குறைவு, தரம் குறைவு என்று எவரும் சொல்ல முடியாது. முப்பது ஆண்டுகள் கழித்து 1995இல் 'எங்கிருந்தோ வந்தான்' படத்தில் மீண்டும் ஒன்று சேர்ந்தார்கள். காலம் மாறியிருந்தது. 2013 ஏப்ரல் 17 அன்று ராமமூர்த்தி மறைந்தார்.


ஆர்மோனியம் எழுதியது:

பழைய வயலின் அவர்களின் குறையை ஏற்கிறேன். தலைப்பை மாற்ற இங்கே வசதியில்லை, ஆனால் பேச்சில் திருத்திக்கொள்ளலாம். ஒன்று மட்டும் சேர்க்கிறேன்: பிரிந்த மறு ஆண்டே விஸ்வநாதன் தனியாக 'அன்பே வா' (1966) தந்தார், இரண்டு ஆண்டுகளில் 'உயர்ந்த மனிதன்' (1968) தந்தார். வாத்திய அமைப்பின் செழுமை அங்கே குறையவில்லை. ஆகவே அந்த அறிவு முழுவதும் ஒருவரோடு போய்விட்டது என்றும் சொல்ல இயலாது. பதின்மூன்று ஆண்டுகள் ஒரே அறையில் உட்கார்ந்தவர்கள் ஒருவர் வித்தையை ஒருவர் எடுத்துக்கொள்ளாமலா இருந்திருப்பார்கள்!


பாலக்காட்டுக்காரி எழுதியது:

எங்கள் ஊர்க்காரரைப் பற்றித் தமிழர்கள் சண்டையிடுவதைப் பார்க்க மகிழ்ச்சியாக இருக்கிறது. எலப்புள்ளிக்குப் பத்துக் கிலோமீட்டர் தள்ளி வளர்ந்தவள் நான். வீட்டில் பேச்சு மலையாளமும் தமிழும் கலந்தது. அதனால் குறில்நெடில் ஐயா எழுப்பிய கேள்விக்கு வேறொரு பக்கத்திலிருந்து விடை சொல்லிப் பார்க்கிறேன்.

விஸ்வநாதன் மலையாளத்தில் இசையமைத்த பாடல்களைத் தமிழ் ரசிகர்கள் அதிகம் கேட்டிருக்க மாட்டீர்கள். 1971இல் வந்த 'லங்காதகனம்' படத்தில் கே.ஜே.யேசுதாஸ் பாடிய 'ஈஸ்வரன் ஒரிக்கல்', 1973இன் 'திவ்யதர்சனம்' படத்தில் பி.ஜெயச்சந்திரன் பாடிய 'ஸ்வர்ணகோபுர நர்த்தகி சில்பம்' ஆகிய இரண்டும் ஸ்ரீகுமாரன் தம்பி எழுதியவை. 'பணிதீராத்த வீடு' படத்துக்கு வயலார் ராமவர்மா எழுதினார். அதில் ஜெயச்சந்திரன் பாடிய 'சுப்ரபாதம்' அவருக்குக் கேரள அரசின் விருதைப் பெற்றுத் தந்தது. அதே படத்தின் 'கண்ணுநீர்த்துள்ளியெ' பாடலை விஸ்வநாதனே பாடினார். பயிற்சி பெற்ற பின்னணிப் பாடகரின் வழவழப்பு அந்தக் குரலில் இல்லை. உச்சத்தில் பிளவுபட்டு, உடைந்து, ஆனால் சுருதியை விடாமல் போகிற குரல் அது. எங்கள் பக்கத்தில் அந்தப் பாட்டைத் தெரியாதவர்கள் குறைவு. அடுத்து 'சந்திரகாந்த'த்தின் 'ஹ்ருதயவாகினீ'யையும் அவரே பாடினார்.

நான் சொல்ல வருவது இதுதான். வயலாரின் சொற்கள் சமஸ்கிருதம் கலந்து நீண்டு ஓடுபவை, கண்ணதாசனின் சொற்கள் வீட்டுத் திண்ணையில் பேசுகிற அளவானவை. மலையாளத்தில் அவருடைய மெட்டு நீண்ட சங்கிலியாகப் பின்னிக்கொண்டு போகிறது. தமிழில் அதே மனிதரின் மெட்டு குறுகிய துண்டுகளாக, நடுவில் மூச்சுக்கு இடம் விட்டு நடக்கிறது. மெட்டு முதலில் பிறந்ததா, வரி முதலில் பிறந்ததா என்பது அன்றாட வேலையின் ஒழுங்கைப் பொறுத்தது. எந்த மொழிக்காகப் போடுகிறோம் என்ற நினைவு ஆர்மோனியத்தில் கைவைக்கும்போதே அவருக்குள் இருந்திருக்கிறது என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.


இரவு வானொலி எழுதியது:

நான் யாழ்ப்பாணத்திலே இலங்கை வானொலியைக் கேட்டு வளர்ந்தவன். எங்களுக்குப் படம் வருவதற்கு முன்பே பாட்டு வந்துவிடும். ஆகவே நான் பெரும்பாலான விஸ்வநாதன் பாடல்களைக் காட்சியில்லாமல், நடிகர் முகம் தெரியாமல், சொல்லையும் இசையையும் மட்டும் கொண்டு அறிந்தவன். இந்த இழை போற்றிப் பாடலாக மாறிக்கொண்டு போவதால் சற்றுக் கசப்பாகவும் சில சொல்ல விரும்புகிறேன்.

எழுபதுகளில் அவர் அளவுக்கு மீறி வேலை செய்தார். ஒரே வகையான பாங்கோஸ் தாளம், ஒரே வகையான இடையிசை, எழுந்து விழுகிற அதே வயலின் ஓட்டம் ஆகியவை படத்துக்குப் படம் திரும்பி வந்தன. பல படங்களில் இரண்டு பாடல் மட்டுமே நின்றன, மற்றவை படத்தோடு போயின. 1976இல் 'அன்னக்கிளி' வந்தபோது எங்கள் ஊர் இளைஞர்கள் இளையராஜாவிடம் ஓடினார்கள். புதுமை தேடிய காதுகளை நான் குறைசொல்ல மாட்டேன்.

ஆனால் இதைச் சொன்ன வாயால் இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த ஓட்டத்துக்குச் சற்று முன்னும் பின்னும்தான் அவருடைய சில மிக நுட்பமான வேலைகள் வந்தன, பெரும்பாலும் கே.பாலசந்தரின் படங்களில். 'அன்னக்கிளி'க்கு முந்திய ஆண்டே 'அபூர்வ ராகங்கள்' (1975) படத்துக்காக, எம்.பாலமுரளிகிருஷ்ணா உருவாக்கிய, நான்கே சுரங்கள் கொண்ட மகதி ராகத்தை எடுத்து 'அதிசய ராகம்' என்று யேசுதாஸைப் பாடவைத்தார். பாட்டின் இறுதியில் 'பைரவி' என்ற சொல் வரும்போது ராகமும் பைரவியாக மாறுகிறது. அந்தப் பெயர் கதையில் ஒரு பெண்ணின் பெயருமாகும். பிறகு 'நிழல் நிஜமாகிறது' (1978), 'நினைத்தாலே இனிக்கும்' (1979), 'வறுமையின் நிறம் சிவப்பு' (1980). ஐம்பதைத் தாண்டிய ஒருவர் 'நினைத்தாலே இனிக்கும்' படத்தில் இளைஞர் இசைக்குழு ஒன்றின் குரலாகி, 'சம்போ சிவசம்போ' என்று தாமே பாடியதை நினைத்தால் எனக்கு இன்றும் வியப்பு.

மெட்டா சொல்லா என்று நீங்கள் அடித்துக்கொள்கிற கேள்விக்கு விடை 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்தின் 'சிப்பி இருக்குது' பாட்டிலேயே இருக்கிறது. அங்கே நாயகி சொல் இல்லாமல் மெட்டை மட்டும் பாடுகிறாள், நாயகன் அதற்கு வரி பொருத்துகிறான். விஸ்வநாதனும் கண்ணதாசனும் ஆண்டுக்கணக்காக மூடிய அறைக்குள் செய்த வேலை அந்தப் பாட்டில் காதல் காட்சியாகத் திரைக்கு வந்துவிட்டது. மெட்டு தரப்பட்டவுடன் சொல் அதில் விழுகிறது, விழுந்த சொல் அடுத்த மெட்டைக் கேட்கிறது. அடுத்த ஆண்டு, 1981 அக்டோபர் 17 அன்று, கண்ணதாசன் சிகாகோவில் காலமானார்.

1986இல் 'மெல்லத் திறந்தது கதவு' படத்தில் விஸ்வநாதன் மெட்டுப் போட இளையராஜா வாத்தியம் சேர்த்தார். எங்களைப் போல இருவரையும் வைத்துச் சண்டை போட்டவர்கள் வெட்கப்பட வேண்டிய படம் அது.


குறில்நெடில் எழுதியது:

இரவு வானொலி அவர்கள் என் கேள்விக்கு ஏறக்குறைய விடை சொல்லிவிட்டார். ஆனாலும் ஆசிரியப் புத்தி போகாதே. சோதனைக்கு ஒரு கட்டுப்பாடு வேண்டும்: கவிஞர் அறையிலேயே இல்லாத, மெட்டுக்கு ஏற்பச் சொல்லை மாற்றவே முடியாத பாடல்களை எடுத்துப் பார்ப்போம். அப்போது பொருத்தம் முழுவதும் இசையமைப்பாளரின் பொறுப்பாகிவிடும்.

அந்த வகையில் மூன்று இடங்கள் கிடைத்தன. முதலாவது பாரதி. 'வறுமையின் நிறம் சிவப்பு' படத்திலேயே 'நல்லதோர் வீணை செய்தே', 'தீர்த்தக் கரையினிலே' ஆகிய பாரதி பாடல்கள் வருகின்றன. இரண்டாவது ஜெயகாந்தன். 'சில நேரங்களில் சில மனிதர்கள்' (1977) படத்துக்காக அவர் எழுதிய 'கண்டதைச் சொல்லுகிறேன்' பாடலை விஸ்வநாதனே பாடினார். ஏறத்தாழ உரைநடையின் மிடுக்கில் எழுதப்பட்ட வரிகள் அவை. இனிமையான குரலில் பாடியிருந்தால் பொய்யாகியிருக்கும். அவருடைய கரகரப்பும் அழுத்தமும் சேர்ந்து, ஒரு மனிதர் தெருவில் நின்று வாக்குமூலம் கொடுப்பதுபோல ஒலிக்கிறது.

மூன்றாவதை நாம் எல்லோரும் ஆயிரம் முறை பாடியிருக்கிறோம், ஆனால் யார் மெட்டு என்று நினைப்பதே இல்லை. மனோன்மணீயம் பெ.சுந்தரம் பிள்ளை 1891இல் வெளியிட்ட நாடக நூலின் பாயிரத்தில் உள்ள 'நீராருங் கடலுடுத்த' என்ற தமிழ்த் தெய்வ வணக்கத்தைத் தமிழ்நாடு அரசு 1970இல் தமிழ்த்தாய் வாழ்த்தாக ஏற்றுக்கொண்டபோது அதற்கு இசையமைத்தவர் விஸ்வநாதன். டி.எம்.சௌந்தரராஜனும் பி.சுசீலாவும் பாடினார்கள். மோகன ராகம், திசிர நடை, அதாவது மூன்று மூன்றாக எண்ணும் மும்மை நடை. 2021இல் அது மாநிலப் பாடலாக அறிவிக்கப்பட்டபோது ஐம்பத்தைந்து வினாடிகளில் பாடி முடிக்க வேண்டும் என்றும் வரையறுத்தார்கள்.

அதில் அவர் முன்னால் இருந்த சிக்கலை எண்ணிப் பாருங்கள். வரிகளோ நெடியவை, புணர்ச்சியில் பிணைந்தவை, எழுவாய் எங்கே பயனிலை எங்கே என்று தேட வேண்டியவை. பாடப்போகிறவர்களோ ஆறு வயதுக் குழந்தை முதல் சுருதியே சேராத அதிகாரி வரை எல்லோரும். ஐந்து சுர மோகனத்தை எடுத்ததாலே எவர் வாயிலும் பெரிதாகத் தவறு நேராது. மும்மை நடையிலே நடக்கவிட்டதால் 'நீராருங்' என்பதன் நெடில்கள் இயல்பாக நீள்கின்றன, குறில்கள் ஓடிவிடுகின்றன. பொருள் புரியாத குழந்தைகூட அசை பிரித்துச் சரியாகச் சொல்லிவிடுகிறது. இருபத்தாறு ஆண்டுகள் காலை வணக்கக் கூட்டத்தில் நின்று கேட்டவன் சொல்கிறேன், 'தெக்கணமும்' என்ற இடத்தில் ஒற்றை விழுங்குகிற மாணவனை நான் பார்த்ததில்லை. என் மறுப்பை இத்துடன் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.


பழைய வயலின் எழுதியது:

குறில்நெடில் ஐயா எழுதியதைப் படித்தபின் மேடைக்காரனாக இன்னொரு செய்தியையும் சேர்க்கத் தோன்றுகிறது. சொல்லைப் பற்றி இவ்வளவு பேசினீர்கள், சொல்லல்லாத ஒலிகளை அவர் கையாண்ட விதத்தையும் பார்க்க வேண்டும். 'சிவந்த மண்' (1969) படத்தின் 'பட்டத்து ராணி'யில் சவுக்கடி தாளத்தின் ஓர் அங்கமாகிறது. எல்.ஆர்.ஈஸ்வரியின் குரல் ஒவ்வோர் அடிக்கும் துடிக்கிறது. 'அவள் ஒரு தொடர்கதை'யின் (1974) 'கடவுள் அமைத்து வைத்த மேடை'யில் பலகுரல் கலைஞர் சதன் பறவைகளாகவும் விலங்குகளாகவும் குரல் கொடுத்திருக்கிறார். இந்தப் பாட்டை மேடையில் வாசிக்கும்போது எங்கள் குழுவில் அதற்கென்றே ஒருவர் இருந்தார். பாடகரைவிட அவருக்குத்தான் கைதட்டல் அதிகம், அதனால் பாடகருக்கும் அவருக்கும் எப்போதும் பேச்சுவார்த்தையே கிடையாது.

குரல்களைத் தேர்ந்தெடுப்பதிலும் அதே காதுதான் வேலை செய்தது. எல்.ஆர்.ஈஸ்வரியின் குரலை வீடுதோறும் கொண்டு சேர்த்தது 'பாசமலர்' (1961) படத்தின் 'வாராய் என் தோழி'. கலியாண வீட்டில் அது ஒலிக்காத காலம் ஒன்று இருந்ததா என்ன? 'சாந்தி நிலையம்' (1969) படத்தின் 'இயற்கை என்னும் இளைய கன்னி'யில் எஸ்.பி.பாலசுப்ரமணியம் வந்தார். 'தீர்க்க சுமங்கலி'யின் (1974) 'மல்லிகை என் மன்னன் மயங்கும்' பாடலில் வாணி ஜெயராமைத் தமிழ்நாடு முழுவதும் கேட்டது.

விருதுக் கணக்கு வேண்டாம் என்று இழை தொடங்கியவர் சொன்னார். ஒரே ஒரு கணக்கு மட்டும். பின்னணிப் பாடகிக்கான தேசிய விருது முதன்முதலாக வழங்கப்பட்டபோது அதைப் பெற்றவர் பி.சுசீலா, பாடல் 'உயர்ந்த மனிதன்' படத்தின் 'நாளை இந்த வேளை பார்த்து'. 'அபூர்வ ராகங்கள்' பாடல்களுக்காக வாணி ஜெயராமுக்குத் தேசிய விருது கிடைத்தது. இரண்டுக்கும் மெட்டமைத்தவருக்கு இசையமைப்பாளருக்கான தேசிய விருது ஒருமுறைகூட வரவில்லை, பத்ம விருதும் வரவில்லை. 2012இல் அன்றைய தமிழ்நாட்டு முதல்வர் ஜெயலலிதா 'திரையிசைச் சக்கரவர்த்தி' என்ற பட்டத்தை அவருக்கு வழங்கினார், அப்போது அவருக்கு வயது எண்பத்து நான்கு. டெல்லிக்குக் காது கேட்கவில்லை என்று எங்கள் குழுவின் தபலாக்காரர் சொல்வார். நான் அதைவிடக் கடுமையாகச் சொல்வேன், ஆனால் பொது இடம்.


பாலக்காட்டுக்காரி எழுதியது:

அவருடைய கடைசிக் காலத்தைப் பற்றி யாரும் எழுதவில்லையே. 1998இல் 'காதல் மன்னன்' படத்தில் மெஸ் நடத்துபவராக நடித்தார். தமக்கு இரண்டு தலைமுறை பின்னால் வந்த ஏ.ஆர்.ரகுமானின் இசையில் 'சங்கமம்' (1999) படத்தின் 'ஆலாலகண்டா'விலும், 'கன்னத்தில் முத்தமிட்டால்' (2002) படத்தின் 'விடைகொடு எங்கள் நாடே'யிலும் பாடினார். முன்பு தாம் வேலை வாங்கிய ஒலிப்பதிவுக் கூடத்தில், இன்னொருவர் சொன்னபடி ஒலிவாங்கியின் முன் நின்று பாடினார். எழுபத்து மூன்று, எழுபத்து நான்கு வயதில் ஊரைவிட்டுப் போகிறவர்களின் பாட்டை அவர் பாடியதைக் கேட்டபோது, கண்ணூரிலிருந்து கிளம்பிய பையனைத்தான் நான் நினைத்துக்கொண்டேன். அது என் தனிப்பட்ட கற்பனை, பொறுத்துக்கொள்ளுங்கள்.


இரவு வானொலி எழுதியது:

'விடைகொடு எங்கள் நாடே'யை எங்கள் ஆட்கள் எப்படிக் கேட்டார்கள் என்று எழுதப் போனால் இழை திசைமாறிவிடும். படகேறி வந்த குடும்பங்களில் அந்தப் பாட்டை முழுதாகக் கேட்க முடியாமல் நிறுத்திவிடுகிறவர்களை நான் அறிவேன். அந்தக் குரலில் இருந்த உடைவுதான் காரணம். பாலக்காட்டுக்காரி அம்மா 'கண்ணுநீர்த்துள்ளி'யில் கேட்டதாகச் சொன்ன அதே உடைவு என்று நினைக்கிறேன். நேற்றிரவு அதைத் தேடிக் கேட்டேன். மலையாளம் எனக்குப் பாதிதான் புரியும், ஆனால் எந்தச் சொல்லில் அழுத்துகிறார் என்பது புரிந்தது.

ஒரு வேண்டுகோள். என் மகளுக்கு இருபது வயது, தமிழ் பேசுவாள், பழைய பாட்டு என்றால் ஓடிவிடுவாள். விஸ்வநாதனை அறிமுகப்படுத்த ஒரே ஒரு பாட்டைப் போட்டுக் காட்டலாம் என்றால் எதைக் காட்டுவீர்கள்?


ஆர்மோனியம் எழுதியது:

'சர்வர் சுந்தரம்' படத்தின் 'அவளுக்கென்ன அழகிய முகம்'. கேட்கவைக்க வேண்டாம், பார்க்கவையுங்கள். வாலியின் வரிகள், இரட்டையர் காலத்துப் பாட்டு, ஆகவே பழைய வயலினுக்கும் மனக்குறை இராது. அந்தக் காட்சியே ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் நடக்கிறது. டி.எம்.சௌந்தரராஜனும் எல்.ஆர்.ஈஸ்வரியும் ஒலிவாங்கியின் முன் தாங்களாகவே நின்று பாடுகிறார்கள், சுற்றிலும் வாத்தியக்காரர்கள் நிறைந்திருக்கிறார்கள். நடுவில், 2015 ஜூலை 14 அன்று எண்பத்தேழாம் வயதில் மறைந்த அந்த மனிதர், முப்பத்தாறு வயதுக்காரராகக் கையசைத்து நடத்துகிறார். மகளிடம் பாட்டைப் பற்றி ஒன்றும் சொல்லாதீர்கள், அந்தக் கைகளை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள்.